நீக்கப்பட்ட பத்தியும் சேர்க்கப்பட்ட தொடரும்: லெமேத்ர், டார்வின் பனுவல்களில் படைப்பவர் பற்றிய கருத்து

ஆய்வுச் சுருக்கம்

நவீன அறிவியலும் படைப்பவர் ஒருவர் உண்டு என்னும் கிறித்தவ நம்பிக்கையும் பொருந்துமா என்னும் வினாவை, இரண்டு அறிவியல் பனுவல்களில் அவற்றின் ஆசிரியர்களே செய்த மாற்றங்களின் வழி இக்கட்டுரை அணுகுகிறது. பெல்ஜியக் குருவும் இயற்பியலாளருமான ஜார்ஜ் லெமேத்ர் 1931இல் வெளியிட்ட கடிதத்திலிருந்து கடவுளைக் குறித்த இறுதிப் பத்தியை நீக்கினார். சார்லஸ் டார்வின் தம் நூலின் 1860ஆம் ஆண்டுப் பதிப்பில் படைப்பவரைக் குறிக்கும் தொடர் ஒன்றைச் சேர்த்தார். ‘தொடக்கம்’, ‘படைப்பு’ ஆகிய கருத்துகளை வேறுபடுத்தினால் அண்டவியலுக்கும் நம்பிக்கைக்கும் முரண் இல்லை என்பதும், உயிரியல் எழுப்பும் துன்பம் பற்றிய வினா அவ்வாறு எளிதில் தீர்வதன்று என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: படைப்பு, தொடக்கம், லெமேத்ர், டார்வின், பெருவெடிப்பு, பாட மாற்றம், இறையியல்.

1. முன்னுரை

அறிவியலும் சமயமும் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் பொதுநிலையிலேயே நிகழ்கின்றன. ‘அறிவியல்’ ஒரு பக்கமும் ‘சமயம்’ மறு பக்கமும் நிறுத்தப்பட்டு, இரண்டும் பகையா நட்பா என்று வினவப்படுகிறது. கலிலியோ வழக்கைக் காட்டிப் பகை என்பாரும், நம்பிக்கையுடைய அறிவியலாளர்களின் பெயர்ப்பட்டியலைக் காட்டி நட்பு என்பாரும் உளர். பெயர்ப்பட்டியல் எதையும் மெய்ப்பிப்பதில்லை. ஒருவர் இரு கருத்துகளை ஒருசேர வைத்திருந்தார் என்பதால் அவ்விரு கருத்துகளும் பொருந்திவிடா. அவர் அவற்றை எவ்வாறு வைத்திருந்தார், எங்கே இணைத்தார், எங்கே பிரித்தார் என்பதே ஆராயத்தக்கது.

இதற்குப் பனுவல் சார்ந்த ஒரு வழி உண்டு. தமிழாய்வில் பாடவேறுபாடுகளையும் இடைச்செருகல்களையும் ஆராய்வது நெடிய மரபு. ஒரு சொல் ஏன் சேர்ந்தது, ஒரு பகுதி ஏன் விடுபட்டது என்று கேட்பதன் வழி பனுவலின் எல்லைகளை அறிகிறோம். அதே வினாவை நவீன அறிவியலின் அடிப்படைப் பனுவல்கள் இரண்டின்மீது எழுப்புவது பயன்தரும். ஒன்றில் நம்பிக்கையாளர் கடவுளைப் பற்றிய பகுதியை நீக்குகிறார். மற்றொன்றில், நம்பிக்கை தளர்ந்துவந்த ஒருவர் படைப்பவரைச் சேர்க்கிறார். இந்த முரணே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

2. லெமேத்ர் நீக்கிய பத்தி

ஜார்ஜ் லெமேத்ர் 1894இல் பெல்ஜியத்தின் ஷார்ல்ருவா நகரில் பிறந்தார். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் பணியாற்றிய பின்னர் 1923இல் கத்தோலிக்கக் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அதனையடுத்துக் கேம்பிரிட்ஜில் ஆர்தர் எடிங்டனிடம் பயின்றார். 1927இல் அவர் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட கட்டுரை, ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சமன்பாடுகளிலிருந்து விரிவடையும் அண்டம் ஒன்றை வருவித்தது. விண்மீன் மண்டலங்கள் விலகிச்செல்லும் வேகத்தை அவற்றின் தொலைவுடன் இணைத்து ஒரு மதிப்பையும் அது கணக்கிட்டது. அவ்வாண்டு பிரசல்ஸில் சந்தித்தபோது ஐன்ஸ்டைன் கணக்கைக் குறை கூறவில்லை. அதன் இயற்பியல் பொருளையே ஏற்க மறுத்தார். பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2018இல் அவ்விதியை ‘ஹபிள்–லெமேத்ர் விதி’ என வழங்கப் பரிந்துரைத்தது.

1927ஆம் ஆண்டுக் கட்டுரையில் அண்டத்திற்குத் தொடக்கம் இல்லை. தொடக்கம் பற்றிய கருத்து 1931 மே மாதம் ‘நேச்சர்’ இதழில் வெளியான சிறு கடிதத்திலேயே வருகிறது. இயற்கையின் இன்றைய ஒழுங்குக்கு ஒரு தொடக்கம் உண்டு என்னும் எண்ணம் தமக்கு உவப்பற்றது என்று எடிங்டன் அதற்குச் சற்று முன்னர் எழுதியிருந்தார். அதற்கு விடையாக அமைந்தது லெமேத்ரின் கடிதம். காலத்தில் பின்னோக்கிச் செல்லச் செல்ல ஆற்றல் மேன்மேலும் குறைந்த எண்ணிக்கையிலான குவாண்டங்களில் அடங்கும். இறுதியில் ஒரே ஒரு குவாண்டம் எஞ்சும். அந்நிலையில் காலம், இடம் என்னும் கருத்துகளே பொருளிழக்கும். அக்குவாண்டம் பிளவுபட்ட பின்னரே அவை பொருள் பெறும். மேலும், பின்னர் நிகழ்ந்த வரலாறு முழுவதும் அந்த முதற்குவாண்டத்தில் முன்னரே பதிவாகியிருக்க வேண்டுவதில்லை. ஒரே தொடக்கத்திலிருந்து வெவ்வேறு அண்டங்கள் உருவாகியிருக்கலாம். இவையே அக்கடிதத்தின் கருத்துகள்.

இங்கு ஒரு முரணைச் சுட்ட வேண்டும். எடிங்டன் குவேக்கர் சபையைச் சேர்ந்த உறுதியான நம்பிக்கையாளர். தொடக்கம் என்னும் கருத்தை வெறுத்தவரும் நம்பிக்கையாளர், அதனை முன்மொழிந்தவரும் நம்பிக்கையாளர். தொடக்கம் உடைய அண்டம் சமயத்துக்குச் சாதகம், தொடக்கமற்ற அண்டம் நாத்திகத்துக்குச் சாதகம் என்னும் எளிய பகுப்பு அவ்விவாதத்தின் முதற்கட்டத்திலேயே பொய்க்கிறது.

கடிதத்தின் தட்டச்சுப் படியில் அச்சேறாத இறுதிப் பத்தி ஒன்று இருந்தது. அது கோடிட்டு நீக்கப்பட்டது. எல்லா இருப்பையும் எல்லாச் செயலையும் தாங்கும் ஒரு பரம்பொருளை நம்புவோர், அவர் இயல்பிலேயே மறைந்திருப்பவர் என்றும் நம்புகின்றனர். படைப்பை மறைக்கும் திரை ஒன்றை இன்றைய இயற்பியல் அளிப்பதைக் கண்டு அவர்கள் மகிழலாம். இதுவே அப்பத்தியின் சாரம்.

இப்பத்தியின் உள்ளடக்கம் கவனத்திற்குரியது. தம் கோட்பாடு கடவுளை வெளிப்படுத்துகிறது என்று லெமேத்ர் அதில் கூறவில்லை. அதற்கு மாறாக, இயற்பியல் திரையிடுகிறது என்கிறார். முதற்குவாண்டத்திற்கு அப்பால் இயற்பியலால் பார்க்க இயலாது. அங்கே எதனையும் கண்டுவிட்டதாக எவரும் உரிமை கோரவும் இயலாது. அச்சில் வந்திருந்தாலும் அப்பத்தி சமய நம்பிக்கைக்குச் சான்று ஆகியிராது. ஆயினும் அவர் அதனை நீக்கினார். கூறிய கருத்து தவறு என்பதைக் காட்டிலும், கூறும் இடம் அதுவன்று என்பதே நீக்கத்திற்குப் பொருந்தும் காரணம் எனலாம். அக்கருத்தை அவர் கைவிடவில்லை என்பதற்குச் சான்று உண்டு. 1958இல் சோல்வே மாநாட்டில், தம் கோட்பாடு சமய வினாக்களுக்கு முற்றிலும் புறத்தே நிற்பது என்றார். பொருள்முதல்வாதி கடவுளை மறுக்க அது தடையன்று என்றும், நம்பிக்கையாளரைப் பொறுத்தவரை எசாயா நூல் கூறும் மறைந்திருக்கும் இறைவனுடன் அது இசைவது என்றும் குறிப்பிட்டார். 27 ஆண்டுகளுக்கு முன் நீக்கப்பட்ட எண்ணமே, இம்முறை எல்லை தெளிவாக வரையப்பட்டு, மீண்டும் வருகிறது.

3. 1951ஆம் ஆண்டு உரையும் அதன் இடரும்

லெமேத்ர் அஞ்சிய கலப்பு 1951 நவம்பர் 22 அன்று நிகழ்ந்தது. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், திருத்தந்தையின் அறிவியல் கழகத்தில் ஆற்றிய உரையில், விரிவடையும் அண்டம் பற்றிய கண்டுபிடிப்புகளைத் தொடக்கநூல் கூறும் முதல் ஒளியுடன் இணைத்தார். படைப்பு காலத்தில் நிகழ்ந்தது, ஆகவே படைத்தவர் உண்டு என்னும் முடிவை நோக்கி அவ்வுரை சென்றது. இச்சான்றுகள் மேலும் ஆராயப்பட வேண்டியவை என்றும், படைப்பைக் குறித்து அறிவியல் தருவது முழுமையான நிறுவல் அன்று என்றும் அவ்வுரையிலேயே எச்சரிக்கை உண்டு. உரையைக் குறை கூறுவோர் பெரும்பாலும் இதனைச் சுட்டுவதில்லை. எனினும் உரையின் ஒட்டுமொத்த இயக்கம் அவ்வெச்சரிக்கையை மூழ்கடித்துவிடுகிறது.

அன்றைய அறிவியல் நிலையை நோக்கினால் இடர் விளங்கும். ஹபிளின் அளவீடுகளிலிருந்து பெறப்பட்ட அண்டத்தின் வயது ஏறத்தாழ 180 கோடி ஆண்டுகளே. கதிரியக்க முறையில் கணிக்கப்பட்ட பாறைகளின் வயதோ அதனைவிட அதிகம். மகள் தாயினும் மூத்தவள் என்பது போன்ற நிலை அது. 1948இல் பாண்டி, கோல்ட், ஹாயில் ஆகியோர் முன்வைத்த தொடக்கமற்ற நிலைமாறா அண்டக் கோட்பாடு வலுவான போட்டியாக நின்றது. 1952 செப்டம்பரில் உரோமையில் கூடிய வானியல் ஒன்றிய மாநாட்டில்தான், விண்மீன் மண்டலங்களின் தொலைவுகள் ஏறத்தாழ இருமடங்காக வேண்டும் என்று வால்ட்டர் பாடே அறிவித்தார். அண்டத்தின் வயதும் அதற்கேற்ப உயர்ந்தது. பெருவெடிப்புக் கோட்பாட்டிற்கு உறுதியான சான்றாகிய நுண்ணலைப் பின்புலக் கதிர்வீச்சு 1965இல்தான் அறியப்பட்டது. ஆகவே 1951இல் நம்பிக்கையின் துணையாகக் காட்டப்பட்டது, இன்னும் முடிவாகாத ஒரு கருதுகோளே. அக்கோட்பாடு பின்னர் வென்றது என்பது அவ்வாதத்தைச் சரியாக்கிவிடாது. தோற்றிருந்தால் நம்பிக்கையும் அதனுடன் தோற்றதாகக் கருதப்பட்டிருக்கும்.

அம்மாநாட்டினருக்குத் திருத்தந்தை ஆற்றிய உரையில் முந்தைய இணைப்பு இடம்பெறவில்லை. லெமேத்ர் முன்னதாக உரோமையில் தங்கி வத்திக்கான் வானாய்வகத் தலைவர் டேனியல் ஓ’கானலிடம் தம் கருத்தை எடுத்துரைத்ததே இதற்குக் காரணம் என்று அறிவியல் வரலாற்றாய்வாளர் பலர் கருதுகின்றனர். 1988இல் இரண்டாம் யோவான் பவுல் வானாய்வகத் தலைவர் ஜார்ஜ் கோய்னுக்கு எழுதிய மடலில், பெருவெடிப்பு போன்ற கோட்பாடுகளைச் சமய வாதத்திற்கு ஆராயாமல் விரைந்து பயன்படுத்துவதற்கு எதிராக எச்சரித்தார். லெமேத்ரின் நிலைப்பாடு 37 ஆண்டுகளுக்குப் பின்னர் திருச்சபைத் தலைமையின் வாயிலாகவே ஒலித்தது.

4. தொடக்கமும் படைப்பும்

லெமேத்ரின் பிரிப்பு வெறும் எச்சரிக்கை உணர்வால் விளைந்ததன்று. அதற்கு இறையியல் அடிப்படை உண்டு. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், உலகிற்குக் காலத் தொடக்கம் உண்டு என்பதை நம்பிக்கையால் ஏற்கலாமேயன்றி அறிவால் நிறுவ இயலாது என்றார். வலுவற்ற வாதங்களால் அதனை நிறுவ முயல்வது நம்பாதோரின் நகைப்புக்கே இடமளிக்கும் என்றும் எச்சரித்தார். அவர் கருத்தில் படைப்பு என்பது, உள்ளது எல்லாம் தன் இருப்புக்கு இறைவனைச் சார்ந்திருக்கும் உறவு. முதற்கணத்தில் நிகழ்ந்து முடிந்த ஒரு செயலாக அதனை அவர் சுருக்கவில்லை. முடிவற்ற கடந்தகாலம் உடைய உலகமும் படைக்கப்பட்ட உலகமாக இருக்க இயலும்.

தமிழ் மெய்யியல் மரபில் பயின்றோருக்கு இவ்வேறுபாட்டை விளக்கக் காரணக் கோட்பாடு உதவும். குடத்திற்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்பது சைவ சித்தாந்தம் வழங்கும் விளக்கம். அங்கே மாயை முதற்காரணமாக என்றும் உள்ளது. இறைவன் நிமித்த காரணன். கிறித்தவப் படைப்புக் கோட்பாடோ முதற்காரணம் எதனையும் ஏற்பதில்லை. இன்மையிலிருந்து படைப்பு என்பதன் பொருள் அதுவே. இவ்விரு நெறிகளின் வேறுபாடு அறிந்த ஒருவர், லெமேத்ரின் முதற்குவாண்டம் எத்தகையது என்பதை உடனே உணர்வார். அது இன்மை அன்று, முதற்காரணம் போன்ற ஒன்று, அதாவது ஏற்கெனவே உள்ள ஒரு பொருள்நிலை. இயற்பியல் ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குச் செல்லும் மாற்றத்தையே விளக்கும். ‘எதுவும் இல்லாமை’ என்பது அதன் சமன்பாடுகளில் ஒரு நிலையாக இடம்பெற இயலாது. எனவே ‘தொடக்கம்’ என்னும் சொல்லும் ‘படைப்பு’ என்னும் சொல்லும் தமிழில் அறிவியல் எழுதுவோரால் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக வழங்கப்படுமாயின், அது நடைத்தவறு மட்டுமன்று, கருத்துத்தவறும் ஆகும்.

இதே தவறு எதிர்த்திசையிலும் நிகழ்ந்தது. ஜேம்ஸ் ஹார்ட்டிலும் ஸ்டீபன் ஹாக்கிங்கும் 1983இல் எல்லையற்ற அண்டம் என்னும் முன்மொழிவை வெளியிட்டனர். காலத்திற்கு விளிம்பு இல்லையெனில் படைப்பவருக்கு என்ன இடம் என்று ஹாக்கிங் தம் 1988ஆம் ஆண்டு நூலில் வினவினார். படைப்பவர் என்றால் முதற்கணத்தில் தொடங்கிவைத்தவர் என்று கொண்டால்தான் இவ்வினா வலுப்பெறும். 1951ஆம் ஆண்டு உரையும் 1988ஆம் ஆண்டு நூலும் எதிரெதிர் முடிவுகளை ஒரே முற்கோளிலிருந்து பெறுகின்றன. முற்கோள் விலகினால் இரண்டு முடிவுகளும் விலகும்.

5. டார்வின் சேர்த்த தொடர்

1859 நவம்பரில் வெளியான ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் இறுதி வாக்கியம், உயிர் தொடக்கத்தில் சில வடிவங்களில் அல்லது ஒரே வடிவத்தில் ஊதப்பட்டது என்கிறது. ஊதியவர் யார் என்பது அங்கே இல்லை. 1860 ஜனவரியில் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் ‘படைத்தவரால்’ என்னும் பொருள்படும் தொடர் சேர்ந்தது. படைப்பவர் தாமே வளரும் உயிர்வடிவங்களை ஆக்கினார் என்று கொள்வதும் உயர்ந்த கருத்தே என்று ஆங்கிலிக்கக் குரு சார்லஸ் கிங்ஸ்லி எழுதிய கருத்தும் பெயர் சுட்டாமல் அப்பதிப்பில் இடம்பெற்றது. ஆனால் 1863இல் தாவரவியலாளர் ஜோசஃப் ஹூக்கருக்கு எழுதிய மடலில், பொதுமக்கள் கருத்துக்குப் பணிந்து விவிலியச் சொல்லைப் பயன்படுத்தியதற்காக டார்வின் வருந்தினார். தமக்கு முற்றிலும் அறியவியலாத ஒரு வழியில் தோன்றியது என்பதே தாம் கருதியது என்றார். ஆயினும் இறுதி வாக்கியத்தில் அத்தொடர் 1872ஆம் ஆண்டு ஆறாம் பதிப்பு வரை நீடித்தது.

இங்கு இரு ஆசிரியர்களையும் ஒப்பிடலாம். லெமேத்ர் தாம் நம்பியதை, முறையியல் தாங்காது என்பதால் நீக்கினார். டார்வின் தாம் உறுதியாகக் கொள்ளாததை, முறையியல் கோராதபோதும் சேர்த்தார். அறிவியல் பனுவலின் நேர்மை என்னும் அளவுகோலில் நீக்கமே மேம்பட்டது. டார்வின் தம் வருத்தத்தின் வழி இதனைத் தாமே ஒப்புக்கொள்கிறார். நம்பிக்கையாளர் டார்வினின் இறுதி வாக்கியத்தைச் சான்றாகக் காட்டுவது, ஆசிரியரே வருந்திய ஒரு சேர்க்கையைச் சான்றாக்குவதாகும்.

எனினும் டார்வினின் சிக்கல் அத்தொடரில் இல்லை. 1860 மே மாதம் அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதிய மடலில் அது வெளிப்படுகிறது. கம்பளிப்புழுவின் உயிருள்ள உடலுக்குள் இருந்து அதனை உண்டு வளரும் இக்நியூமோன் குளவிகளை, நன்மையும் வல்லமையும் நிறைந்த இறைவன் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று தம்மால் ஏற்க இயலவில்லை என்று டார்வின் எழுதினார். இந்த அற்புதமான உலகம் முழுவதும் வெறும் முரட்டு விசையின் விளைவு என்று கொள்ளவும் அவரால் இயலவில்லை. கிரே உறுதியான பிரஸ்பிட்டேரியன் நம்பிக்கையாளர். உயிரினங்களில் தோன்றும் வேறுபாடுகள் நன்மையான திசைகளில் இறைவனால் நடத்தப்படுகின்றன என்று அவர் கருதினார். 1868ஆம் ஆண்டு நூலில் டார்வின் இதற்கு ஓர் உவமையால் விடையளித்தார். மலைச்சரிவின் அடியில் உதிர்ந்து கிடக்கும் கற்களைக் கொண்டு ஒருவர் வீடு கட்டலாம். ஆனால் அக்கற்களின் வடிவம் அவருடைய வீட்டுக்காகத் தீர்மானிக்கப்பட்டது என்று கூற இயலுமா என்பது அவர் வினா.

6. பிரிப்பின் எல்லை

இங்கேதான் லெமேத்ரின் பிரிப்பு போதாமையை அடைகிறது. கிறித்தவ நம்பிக்கை, இருப்பின் ஆதாரமாக ஒருவர் உண்டு என்பதோடு நிற்பதில்லை. அவர் நல்லவர் என்றும், படைப்பு நன்று என்றும் கூறுகிறது. முதற்கூற்றை அண்டவியல் தொடுவதில்லை. இரண்டாம் கூற்றை உயிரியல் தொடுகிறது. இயற்கைத் தெரிவில் இறப்பும் அழிவும் தற்செயலாக நேர்ந்த குறைகள் அல்ல, அதன் இயங்குமுறையின் பகுதிகள். மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்னரே துன்பம் இருந்தது என்பதால், மனிதன் செய்த பாவத்தால் இறப்பு உலகில் நுழைந்தது என்னும் மரபு விளக்கத்தையும் அப்படியே காத்துக்கொள்ள இயலாது.

ஸ்டீபன் ஜே கூல்ட் 1990களில் முன்வைத்த தீர்வு, அறிவியலுக்கு உண்மைகளும் சமயத்திற்கு மதிப்புகளும் என ஆட்சிப்பரப்புகளைப் பங்கிட்டது. அமைதி தரும் பங்கீடு இது. ஆனால் படைப்பு நன்று என்பது மதிப்பு பற்றிய கூற்று மட்டுமா? உலகம் எத்தகையது என்பது பற்றிய கூற்றும் அதில் அடங்கியுள்ளது. அவ்வாறாயின் உலகைப் பற்றி அறியப்படும் எதுவும் அதனைத் தொடாது என்று கூற இயலாது. எதனாலும் தொடப்படாத நம்பிக்கை பாதுகாப்பானது. ஆனால் அது எதனையும் கூறுவதுமில்லை.

மறைந்திருக்கும் இறைவன் என்னும் லெமேத்ரின் கருத்துக்கும் இவ்வினா உரியது. முதற்குவாண்டத்தின் பின்னால் மறைந்திருப்பவர் என்பது அறிவின் எல்லை பற்றியது. அதனை ஏற்பது எளிது. கம்பளிப்புழுவின் துன்பத்தின் பின்னாலும் அவர் மறைந்திருக்கிறார் என்பது அத்தகையதன்று. சிலுவையில் இறைவனே துன்புற்றார் என்னும் கிறித்தவ விடை, துன்பத்தில் உடன்நிற்றலைக் கூறுகிறது. துன்பம் ஏன் படைப்பின் வழிமுறையாயிற்று என்பதற்கு அது விளக்கம் அளிப்பதில்லை. இவ்வேறுபாட்டை இறையியலாளர் ஒப்புக்கொள்வது நம்பிக்கைக்கு இழுக்கன்று. 1931இல் லெமேத்ர் காட்டிய அதே நேர்மையை இங்கும் காட்டுவதாகும்.

7. முடிவுரை

நவீன அறிவியலும் படைப்பவர் மீதான கிறித்தவ நம்பிக்கையும் பொருந்துமா என்னும் வினா உண்மையில் இரண்டு வினாக்களின் தொகுப்பு என்பது மேற்கண்ட ஆய்வால் புலனாகிறது. இருப்பின் ஆதாரம் பற்றிய வினாவில் முரண் இல்லை. முரண் இருப்பதாகத் தோன்றுவதற்கும், அறிவியல் நம்பிக்கையை நிறுவிவிட்டதாகத் தோன்றுவதற்கும், தொடக்கத்தையும் படைப்பையும் ஒன்றெனக் கொள்ளும் ஒரே குழப்பமே காரணம். படைப்பவரின் நன்மை பற்றிய வினாவில் பொருத்தம் இன்னும் நிறுவப்படவில்லை. முரண் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது எனவும் கூற இயலாது. டார்வினே இரு பக்கமும் சாய இயலாமல் நின்றார்.

நம்பிக்கையாளர்களும் மறுப்பாளர்களும் பெருவெடிப்பைச் சுற்றியே வாதிடுவது, எளிய வினாவில் ஆற்றலைச் செலவிட்டுக் கடினமான வினாவைத் தவிர்ப்பதாகும். லெமேத்ர் நீக்கிய பத்தி, அறிவியல் எதனைக் கூறலாகாது என்பதைக் கற்பிக்கிறது. டார்வின் கிரேக்கு எழுதிய மடல், நம்பிக்கை எதற்கு விடை கூறியாக வேண்டும் என்பதை நினைவூட்டுகிறது. இவ்விரண்டையும் ஒருசேரப் படிப்பதே இத்துறையில் மேலாய்வுக்கு ஏற்ற தொடக்கமாக அமையும்.